பல் இருப்பது உறுதி செய்யப்பட்டது

பிரபாகரனுக்கு நீச்சல் தெரியாது. தாயில்பட்டிப் பக்கம் பிறந்தவனுக்கு அது ஒரு குறையும் இல்லை. வைப்பாற்றில் தண்ணீர் ஓடும் நாட்களை விட மணல் கிடக்கும் நாட்களே அதிகம். என்றைக்காவது வெம்பக்கோட்டை அணை நிறைந்தால் ஊரே வேடிக்கை பார்க்கப் போகும். அவனும் போவான், கரையில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவான். முழங்காலுக்கு மேல் தண்ணீரில் அவன் இறங்கியதே இல்லை. அப்படிப்பட்டவனை அணைக்குள் வைத்து மீன் கடித்துவிட்டது என்று அரசாங்கம் சொன்னபோது, ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் கிடப்பவனைப் பற்றித்தான் சொல்கிறார்கள் என்று முதலில் நினைத்துக்கொண்டான்.

நடந்தது வேறு. ரத்தினசாமி முதலாளியின் பட்டாசுக் கம்பெனிக்கு அந்த வருசம் லைசென்ஸ் ரத்தாகியிருந்தது. கம்பெனிதான் ரத்தானது, வந்திருந்த ஆர்டர்கள் ரத்தாகவில்லை. அதனால் கருவேலங்காட்டுக்குள் ஒரு தகரச் செட்டு போட்டு வேலை ஓடிக்கொண்டிருந்தது. வானத்தில் போய்ப் பூவாய் விரியும் பேன்சி ரகத்துக்குள் போடுகிற மணி மருந்தைக் காயவைத்து எடுப்பது பிரபாகரனின் வேலை. சித்திரை வெயிலில் தகரம் கொதித்தது. மற்றவர்கள் சாப்பிடுவதற்காக வெளியே வேப்பமரத்தடிக்குப் போயிருந்தார்கள். அவன் மட்டும் மருந்துத் தட்டை நிழலுக்கு நகர்த்திவிட்டுப் போகலாம் என்று குனிந்தான். தட்டு தரையில் உரசியது. பிறகு எல்லாம் வெள்ளையாகிவிட்டது.

அவன் அக்கா மாரித்தாயும் அதே செட்டில் திரி செருகுகிறவள். கையில் பிசைந்த சோற்றோடு ஓடிவந்து, அவன் காலைப் பிடித்து இழுத்து வெளியே போட்டாள். வலது கையில் பெருவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் இருந்த இடத்தில் இல்லை. முந்தியைக் கிழித்துக் கட்டி, லோடு ஆட்டோவில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே அவனைக் கிடத்தி, அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

இந்த இடத்தில் மீனைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அதற்கு முந்தின வாரம் அணையில் வலை போட்டவர்களுக்கு ஒரு விநோதமான மீன் அகப்பட்டது. தட்டு மாதிரி உடம்பு, சிவந்த வயிறு. வாயைப் பிளந்து பார்த்தால் மனுசருக்கு இருப்பது போல வரிசையாகப் பல். யாரோ அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் விட்டார்கள். மறுநாள் அது பிரானா ஆகிவிட்டது. ஆற்றில் இறங்கிய மாட்டை மறுகரை ஏறுமுன் எலும்பாக்கிவிடுகிற மீன் என்று டீக்கடையில் விளக்கம் சொன்னார்கள். ஊர்க்காரர்கள் வாயில் அது பிராணன் மீன் ஆனது. பிராணனை வாங்குகிற மீன் என்பதால் யாருக்கும் அதில் தப்பு தெரியவில்லை.

மாவட்டத்தில் உடனே ‘பிரானா தடுப்பு மற்றும் விழிப்புணர்வுச் சிறப்புக் குழு’ என்று ஒன்று அமைத்தார்கள். குழுவுக்கு லட்சுமிகாந்தம் என்ற சிறப்பு அலுவலர் வந்தார். ஜீப் வந்தது. பேனர் வந்தது. கடிபட்ட ஆள்தான் வரவில்லை. லட்சுமிகாந்தம் தினமும் காலையில் ஆஸ்பத்திரிக்கு ஜீப்பில் வந்து, யாராவது கடிபட்டிருக்கிறார்களா என்று விசாரித்துவிட்டு, வெறுங்கையோடு திரும்பிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில்தான் மூன்று விரல் இல்லாமல் பிரபாகரன் வந்து சேர்ந்தான்.

கண் விழித்தபோது கட்டிலின் தலைமாட்டில் ஒரு அட்டை தொங்கியது. அதில் ‘பிரானா கடி’ என்று எழுதியிருந்தது. பக்கத்தில் மனைவி அருணாதேவி உட்கார்ந்திருந்தாள்.

“யாரோட அட்டைய இங்கன மாட்டியிருக்காக?”

“ஒங்களுதுதான்” என்றாள்.

சற்று நேரத்தில் லட்சுமிகாந்தம் வந்தார். பேனரைச் சுவரில் பிடித்துக்கொள்ள இரண்டு பேர், படம் பிடிக்க ஒருவர். அவர் மெல்லப் பேசுகிறவர். வாழ்க்கையில் யாரையும் அதட்டியதில்லை என்று பெயர் எடுத்தவர்.

“தம்பி, பயப்படாதீங்க. அது எப்படிக் கடிச்சதுன்னு மட்டும் சொல்லுங்க.”

“எது சார்?”

“மீனு.”

“மீனு கடிக்கல சார். செட்டுல மருந்து வெடிச்சிருச்சு.”

லட்சுமிகாந்தம் டாக்டரை வருத்தத்தோடு பார்த்தார். அதிர்ச்சியில் இருக்கிறார் என்று டாக்டர் சொன்னார்.

“எந்தச் செட்டு தம்பி?”

“மொதலாளி செட்டுதான் சார். கருவக்காட்டுக்குள்ள இருக்கு.”

“அவரு லைசென்ஸத்தான் ரத்து பண்ணியாச்சே. ரத்து பண்ணின பிறகு அங்க உற்பத்தி கிடையாது. உற்பத்தி இல்லாத இடத்துல மருந்து இருக்காது. மருந்து இல்லாத இடம் எப்படி வெடிக்கும்? வெடிச்சதுன்னு நான் எழுதினா, ரத்து பண்ணினவங்க சரியா ரத்து பண்ணலைன்னு அர்த்தமாயிரும். அது பக்கத்து ஆபீஸ் தம்பி. என் சர்வீஸ்ல இன்னொரு ஆபீஸைப் பத்தி நான் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை.”

“மூஞ்சியெல்லாம் வெந்து கெடக்கே சார்” என்றாள் அருணாதேவி.

“உச்சி வெயில்ல தண்ணிக்குள்ள நின்னா மூஞ்சி வேகத்தாம்மா செய்யும்” என்றார் லட்சுமிகாந்தம் இரக்கத்தோடு.

அவர் போன பின் ரத்தினசாமி வந்தார். வெள்ளை வேட்டி, கையில் ஹார்லிக்ஸ் பாட்டில். கட்டிலில் உட்காராமல் நின்றபடியே பேசினார்.

“பிரபா, நான் ஒன்னையக் கட்டாயப்படுத்தல. வெடின்னு சொல்லணும்னா தாராளமா சொல்லு. ஆனா வெடின்னா எங்க வெடிச்சதுன்னு போலீஸ்காரன் கேப்பான். அந்த இடம் கணக்குலயே கெடையாது. இல்லாத இடத்துல வேல பாத்தவனுக்கு எந்தச் சர்க்காரு நிவாரணம் குடுக்கும்? மீனுன்னா நேத்துத்தான் நிவாரணம் அறிவிச்சிருக்காக. ரெண்டுல எது ஒனக்கு நல்லதுன்னு நீயே பாத்துக்க.”

பிரபாகரன் யோசிக்க நேரம் கேட்டிருப்பான். கை அதற்கு இடம் கொடுக்கவில்லை. மிச்சமிருந்த இரண்டு விரல்களும் கறுத்து வீங்கின. உடனே மதுரைக்குக் கொண்டுபோகாவிட்டால் மணிக்கட்டோடு எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் சொன்னார். வெடி விபத்து என்றால் முதலில் போலீஸ் எழுதித் தர வேண்டும். எழுத இடத்தின் பெயர் வேண்டும். மீன் கடி என்றால் குழுவின் ஜீப் வாசலில் தயாராக நிற்கிறது.

அருணாதேவி ஜன்னல் பக்கம் போய், வாசலில் நின்ற ஜீப்பைப் பார்த்தாள். திரும்பி வந்து சொன்னாள்: “மீனுன்னே சொல்லிருங்க. கை மிஞ்சுனா எதையும் பெறகு பேசிக்கிடலாம்.”

லட்சுமிகாந்தத்தை மறுபடி கூப்பிட்டார்கள்.

“மீனுதான் சார்” என்றான் பிரபாகரன்.

“எத்தனை மீன் தம்பி?”

அவன் கட்டுப்போட்ட கையைப் பார்த்தான். “மூணு சார்.”

லட்சுமிகாந்தம் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார். அவருடைய கண் கலங்கியிருந்தது. படம் பிடிக்க வந்தவர் அதையும் பிடித்துக்கொண்டார்.

மதுரையில் இரண்டு விரலையும் காப்பாற்றிவிட்டார்கள். அந்த வகையில் குழு சொன்னதைச் செய்தது என்பதை மறுக்க முடியாது. அவன் ஊர் திரும்பியபோது குழு வளர்ந்திருந்தது. கீழே மூன்று துணைக் குழுக்கள், பல் ஆய்வுக்கென்று தனியாக ஒன்று. அந்த ஆய்வுக்கு மகேஷ்குமார் என்ற மீன்வளப் பேராசிரியரை வரவழைத்திருந்தார்கள். பாதிக்கப்பட்டவர் என்ற முறையில் பிரபாகரனும் கூட்டத்துக்குப் போக வேண்டியிருந்தது.

மேசையில் கண்ணாடி ஜாடிக்குள் அந்த மீன் மிதந்தது. பிரபாகரன் அதை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தான். அதன் பற்கள் அவனுடைய மாமனார் பற்களைப் போலவே தட்டையாக, கொஞ்சம் காவியேறி இருந்தன.

மகேஷ்குமார் குச்சியால் அதன் வாயைத் திறந்து காட்டினார். “பிரானாவுக்குப் பல்லு ரம்பம் மாதிரி முக்கோணமா, கூரா இருக்கும். மேல் பல்லும் கீழ் பல்லும் கத்தரிக்கோல் மாதிரி கோத்துக்கும். இதுக்கு அப்படி இல்லை, அரைக்கிற பல்லு. இது பிரானாவுக்குத் தூரத்துச் சொந்தம், பாக்குன்னு வேற ஒரு மீன் வகை. குளத்துல வளக்க யாரோ கொண்டுவந்து விட்டிருக்காங்க. ஆத்துல விழுற பழம், கொட்டை இதத்தான் உடைச்சுத் தின்னும்.”

லட்சுமிகாந்தம் யோசித்துவிட்டுக் கேட்டார்: “கொட்டைய உடைக்கும்னு சொல்றீங்க.”

“ஆமா.”

“விரலுக்குள்ள எலும்பு இருக்கு. தண்ணிக்குள்ள அது கொட்டையா எலும்பான்னு மீனுக்கு எப்படி சார் தெரியும்?”

பேராசிரியர் பதில் சொல்ல வாயெடுத்தார். பிறகு அங்கே இருந்தவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். அவருக்குச் சால்வை போர்த்தினார்கள். அன்று மாலைச் செய்திக் குறிப்பில், வல்லுநர் நேரில் ஆய்வு செய்ததில் மீனுக்குப் பல் இருப்பது உறுதி செய்யப்பட்டது என்று சொல்லியிருந்தார்கள்.

அதன் பிறகு பிரபாகரனுக்கு ஓய்வில்லை. பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக அழைத்துப் போனார்கள். மேடையில் ஏறி வலது கையைத் தூக்கிக் காட்ட வேண்டும். பிள்ளைகள் அட்டையில் செய்த மீன் பல்லை வாயில் மாட்டிக்கொண்டு ஊர்வலம் போனார்கள். அணைக்கரை முழுக்க எச்சரிக்கைப் பலகை நட்டார்கள். கடிபட்டவர்களும் கூடிக்கொண்டே போனார்கள். திருத்தங்கலில் அச்சகத்துக் கட்டிங் மெசினில் விரலைக் கொடுத்த ஒருவன் பட்டியலில் சேர்ந்தான். திருத்தங்கலில் அணை இல்லை. வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் வந்து கடித்திருக்கும் என்று குழு கண்டுபிடித்தது. உடம்பு பாதி வெந்த ஒரு பெண்ணுக்குக் காரணம் மீனின் எச்சில் என்றார்கள்.

ஆடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் குழுவின் பெரிய விழா நடந்தது. ரத்தினசாமிதான் செலவை ஏற்றிருந்தார். வாசலில் சரவெடி கொளுத்தி விருந்தினரை வரவேற்றார்கள். லட்சுமிகாந்தம் மைக்கைப் பிடித்தார்.

“இந்தக் குழு அமைக்கப்பட்ட நாளிலிருந்து நம்ம பகுதியில ஒரு வெடி விபத்து கூடப் பதிவாகலைங்கிறதைப் பெருமையோட சொல்லிக்கிறேன். முன்னாடியெல்லாம் வாரத்துக்கு ஒரு இடத்துல உராய்வு, உராய்வுன்னு எழுதிக்கிட்டு இருந்தோம். எழுதி எழுதி எங்களுக்கே சலிச்சுப்போச்சு. இப்ப ஒரு உயிரினம் வந்து எங்க வேலையைக் குறைச்சிருக்கு. இயற்கையோட அரசாங்கம் கைகோத்தா என்ன நடக்கும்ங்கிறதுக்கு இதுதான் உதாரணம்.”

அடுத்து ரத்தினசாமி பேசினார். “முன்னெல்லாம் யாருக்குக் கை போனாலும் எங்களத்தான் கை காட்டுவாக. எங்க தொழிலுக்கு அது பெரிய அவமானம். இப்ப சனங்க தெளிவாயிட்டாக. அந்த நன்றிக்காக இந்தத் தீபாவளிக்கு எங்க புது ரகத்துக்கு ‘பிரானா ஷாட்’டுன்னே பேரு வச்சிருக்கோம்.”

பெட்டியை எடுத்துத் தூக்கிக் காட்டினார். பளபளப்பான லேபிளில் சிவந்த வயிறும் ரம்பப் பல்லுமாக ஒரு மீன் வாயைப் பிளந்திருந்தது. அந்த லேபிளில் மட்டும் அது நிஜமான பிரானா. கைதட்டலுக்கு நடுவே பிரபாகரனுக்கு ஒரே ஒரு கேள்விதான் வந்தது. லைசென்ஸ் இல்லாத முதலாளி இதை எங்கே வைத்துச் செய்கிறார்?

அன்று சாயங்காலமே மாரித்தாயின் வீட்டுக்குப் போனான். அவள் வாசலில் உட்கார்ந்து மண்ணெண்ணெய்த் துணியால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். முழங்கை வரைக்கும் அலுமினியப் பவுடர் ஏறி, சிலையின் கை மாதிரி மின்னியது.

“அதே செட்டாக்கா?”

“அதே எடந்தான். தகரம் மட்டும் புதுசு. ஒன் மீனத்தாம்லே அடைக்கோம். லோடு கேட்டு நெருக்குதாக.”

“வேண்டாங்கா. நீ போகாத.”

“எம்மக ஓவியா நர்சிங்ல சேந்து இன்னும் ஒரு வருசம் முழுசா ஆகல. நான் எங்கிட்டுப் போக?”

“நான் கலெக்டராபீசுல எழுதிக் குடுக்கேன். மூடச் சொல்றேன்.”

மாரித்தாய் துடைப்பதை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள். குத்திக் காட்டுகிற பார்வையாக இல்லை. சின்னப் பையனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பது போலத்தான் பேசினாள்.

“அங்கன செட்டே இல்லன்னு நீதானலே சொல்லியிருக்க. இல்லாததப் போயி எவன் மூடுவான்? சாப்பிட்டுப் போ. கருவாட்டுக் கொழம்பு வச்சிருக்கேன்.”

அவன் சாப்பிட்டுவிட்டுத்தான் போனான். மறுநாள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று நினைத்தான். எழுதிக் கொடுத்தால் நிவாரணத்தைத் திருப்பிக் கேட்பார்களா என்று அருணாதேவி கேட்டாள். மதுரைக்கு இன்னொரு தடவை போக வேண்டியிருந்தது. கையை முழுக்கக் காட்டிவிட்டு வந்து எழுதலாம் என்று தள்ளிப்போட்டான். சீசன் உச்சத்துக்கு வந்தது.

சத்தம் கேட்டபோது அவன் ரேஷன் கடை வரிசையில் நின்றிருந்தான். முதலில் காலுக்கடியில் தரை அசைந்தது, பிறகுதான் சத்தம் வந்தது. எல்லோரும் புகை எழும்பிய திசையைப் பார்த்தார்கள், பிறகு ஓடினார்கள்.

செட்டு இருந்த இடத்தில் செட்டு இல்லை. அரசாங்கம் எழுதியிருந்தது ஒருவழியாக உண்மையாகிவிட்டது. கருவேல மரங்களில் தகரத் துண்டுகளும் சேலைத் துணியும் தொங்கின. உள்ளே நான்கு பெண்கள் இருந்திருக்கிறார்கள். பிரானா ஷாட் பெட்டிகளில் மிச்சமிருந்தவை ஒவ்வொன்றாகப் பற்றி, பட்டப்பகலில், பச்சையும் சிவப்புமாக மேலே போய் வெடித்துக்கொண்டிருந்தன. பிரபாகரன் அக்காவைத் தேடினான். கடைசியில் ஒரு கையை வைத்துத்தான் அடையாளம் கண்டான். முழங்கை வரைக்கும் மின்னிக்கொண்டிருந்தது.

தீயணைப்பு வண்டிக்கு முன்னால் குழுவின் ஜீப் வந்துவிட்டது. வலையும் பரிசலும் கொண்டுவந்திருந்தார்கள். லட்சுமிகாந்தம் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு சுற்றிப் பார்த்தார்.

“அணைக்கும் இதுக்கும் எவ்வளவு தூரம்?” என்று கேட்டார்.

“பார்வைக்கே எட்டாது சார்” என்றான் ஒரு பணியாளன்.

“நடுவுல கால்வாய் இருக்கா?”

“இருக்கு சார். தண்ணி வந்து பல வருசமாச்சு.”

லட்சுமிகாந்தம் தலையை ஆட்டினார். “அதான். தண்ணி இல்லாமத்தான் தரைக்கு ஏறியிருக்கு.”

ஆனால் இந்த முறை காரியம் அவ்வளவு சுலபமாக முடியவில்லை. நான்கு பேர் செத்திருந்தார்கள். புகையை விருதுநகர் வரைக்கும் பார்த்திருந்தார்கள். சனம் சாலையில் உட்கார்ந்து மறித்தது. டிவிக்காரர்கள் வந்துவிட்டார்கள். மூன்றாம் நாள் குழு அவசரமாகக் கூடியது. ரத்தினசாமி ஒரு ஓரத்தில் கறுப்புப் பட்டை குத்தி உட்கார்ந்திருந்தார். இன்ஸ்பெக்டரும் வந்திருந்தார். கடிபட்டு உயிரோடு இருக்கும் மூத்த ஆள் என்பதால், பிணங்களில் இருக்கும் காயம் தனக்கு ஏற்பட்டது போலத்தான் இருக்கிறது என்று பிரபாகரன் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள்.

“ஒரே மாதிரிதான் சார் இருக்கு” என்றான் அவன்.

லட்சுமிகாந்தத்தின் முகம் மலர்ந்தது.

“எனக்கு நடந்ததுதான் அதுகளுக்கும் நடந்துச்சு. செட்டு வெடிச்சிருச்சு. அன்னைக்கும் வெடிச்சது, இப்பவும் வெடிச்சது. மீனு கடிச்சுதுன்னு நான் சொன்னது பொய். நான் அன்னைக்கே உண்மையச் சொல்லியிருந்தா செட்ட மூடியிருப்பாக. எங்கக்கா இருந்திருப்பா.”

சொல்லிவிட்டு நின்றான். சத்தம் போடுவார்கள், வெளியே தள்ளுவார்கள் என்று எதிர்பார்த்தான். யாரும் கோபப்படவில்லை. அறைக்குள் எல்லோரும் ஒரே நேரத்தில் நிம்மதியாக மூச்சுவிட்டது போல இருந்தது. ரத்தினசாமி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். இன்ஸ்பெக்டர் எழுந்து, அவனுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

“வெடிச்சதுன்னு சொல்றீங்க.”

“ஆமாங்கய்யா.”

“அப்ப அங்க செட்டு ஒண்ணு இருந்திருக்கு.”

“இருந்துச்சு.”

“மருந்துல கை வச்சு வேல பாத்தது யாரு?”

“நாந்தான் பாத்தேன். எனக்குப் பெறகு வேற ஆளு.”

“லைசென்ஸ் இருந்துச்சா?”

“எனக்கு எங்கிட்டு இருந்து லைசென்ஸ்? மொதலாளியத்தான் கேக்கணும்.”

“அவரு லைசென்ஸத்தான் ரத்து பண்ணியாச்சே” என்றார் இன்ஸ்பெக்டர். “அவருக்கும் அந்த எடத்துக்கும் சம்பந்தமில்லன்னு எல்லா ஆபீசும் சொல்லுது. தனக்குச் சம்பந்தம் இருக்குன்னு சொல்றது இந்த மாவட்டத்துல ஒரே ஒரு ஆளு. அது நீங்கதான்.”

லட்சுமிகாந்தம் மெல்லிய குரலில் சொன்னார்: “மனசுல இருந்ததை இறக்கி வச்சிட்டீங்க தம்பி. எங்களுக்கும் பெரிய பாரம் இறங்குச்சு.”

ஜீப் வாசலில் நின்றது. வெளியே அருணாதேவி நின்றாள். அவள் தோளில் சாய்ந்தபடி ஓவியா, கல்லூரியிலிருந்து வந்த வெள்ளை உடுப்போடு. மாமாவை எதற்காகக் கூட்டிப்போகிறார்கள் என்று அந்தப் பெண் கேட்டாள்.

ஸ்டேஷனில் வழக்கை வாசித்துக் காட்டினார்கள். அனுமதியில்லாமல் பட்டாசு மருந்து வைத்திருந்தது, திருட்டுத்தனமாகச் செட்டு நடத்தியது, அரசை ஏமாற்றி நிவாரணம் வாங்கியது. கடைசியாக, மாரித்தாய் உள்ளிட்ட நான்கு பேரின் சாவுக்குக் காரணமாக இருந்தது. முதல் மூன்றையும் அவன் இல்லை என்றான். நான்காவதற்கு ஒன்றும் சொல்லவில்லை. எழுத்தர் நிமிர்ந்து பார்த்து, கொஞ்சம் காத்திருந்தார். பிறகு அதை ஒப்புக்கொண்டதாக எழுதிக்கொண்டார்.

ரேகை எடுக்க மைப்பலகையைக் கொண்டுவந்தார்கள். எழுத்தர் அவன் வலது கையைப் பிடித்து இழுத்தவர் அப்படியே நிறுத்தினார்.

“சார், பெருவிரல் இல்லை. காரணம் எழுதணும். என்ன போட?”

இன்ஸ்பெக்டர் டீயைக் குடித்துக்கொண்டே யோசித்தார். “கை போனது பழைய கேசு. அதுக்குக் குழு ஏற்கெனவே எழுதியிருக்கு. மாத்தி எழுதினா நமக்கும் அவங்களுக்கும் மனஸ்தாபம் வரும். அவங்க போட்டதையே போடுங்க.”

எழுத்தர் தலையைக் குனிந்து ‘மீன் கடித்தது’ என்று எழுதினார். மை காயும் வரை ஊதினார். பிறகு இடது கையை நீட்டச் சொன்னார்.

பிரபாகரன் நீட்டினான். அதில் ஐந்து விரலும் இருந்தன.